எண்பது சீட்டும் ஒரு பாயும்: சேர்ந்து யோசித்ததை எப்படி வகை பிரிப்பது?

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் யோசனை கேட்பது பெரிய வேலை இல்லை. ஆளுக்கு நாலு சீட்டும் ஒரு பேனாவும் கொடுத்து, "பள்ளிக்கூடத்துக்கு என்ன வேணும்னு தோணுதோ எழுதுங்க, ஒரு சீட்டுக்கு ஒரு விஷயம்" என்றால் அரை மணி நேரத்தில் எண்பது சீட்டு சேர்ந்துவிடும். வேலை அதற்குப் பிறகுதான். அந்த எண்பதையும் எட்டுப் பத்துக் கட்டாக்கி, ஒவ்வொரு கட்டுக்கும் பெயர் வைத்து, எது முதலில் என்று முடிவெடுக்க வேண்டும். அப்படிப் பிரிப்பதற்கு நாலைந்து வழி உண்டு. எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருந்தபோது அவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்து பார்த்தோம். எந்த வழி எப்போது பொருந்துகிறது, எதில் என்ன தொலைகிறது என்று நாங்கள் கண்டதை எழுதுகிறேன். குடியிருப்போர் சங்கமோ, மகளிர் குழுவோ, அலுவலகத்துக் குழுவோ, சீட்டு சேர்ந்த பிறகு முழிக்கிற எல்லோருக்கும் இது பொருந்தும்.

கூட்டம் நடத்தும் நுணுக்கம் என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21ஆவது பிரிவில், குழு உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. 22ஆவது பிரிவு, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை அந்தக் குழுவே தயாரிக்க வேண்டும், அரசின் திட்டத்துக்கும் மானியத்துக்கும் அதுவே அடிப்படை என்கிறது. சீட்டில் ஓர் அம்மா எழுதிய வரி அந்தத் திட்டத்துக்குள் போய்ச் சேருமா, வழியில் காணாமல் போகுமா என்பது நடுவில் நடக்கும் இந்தப் பிரிப்பில்தான் தீர்மானமாகிறது.

தலைப்பை முதலில் எழுதிவிட்டால்

எல்லோருக்கும் உடனே தோன்றும் வழி இது. முதல் வருடம் நாங்களும் இப்படித்தான் செய்தோம். கரும்பலகையில் கட்டடம், குடிநீர்–கழிப்பறை, படிப்பு, விளையாட்டு, பணியாளர், இதர என்று ஆறு தலைப்பு. ஒருவர் சீட்டை உரக்க வாசிப்பார், எதற்குக் கீழே போகும் என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

வேகத்தில் இதை அடித்துக்கொள்ள வேறு வழி கிடையாது. எண்பது சீட்டும் இருபது நிமிடத்தில் முடிந்தது. எழுத்து வாசனை இல்லாதவர்கள்கூடக் காதால் கேட்டு வாயால் சொல்லலாம். மேலே அனுப்பும் படிவத்திலும் தலைப்புகள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்பதால் திரும்ப எழுதும் வேலையும் மிச்சம். சீட்டு இருபது இருபத்தைந்துக்குள் இருந்தால், அல்லது போன வருடத் திட்டம் எந்த அளவுக்கு நடந்திருக்கிறது என்று பார்க்கத்தான் கூடியிருக்கிறோம் என்றால், இன்றைக்கும் நான் இந்த வழியைத்தான் எடுப்பேன்.

ஆனால் அந்த வருடம் கூட்டம் முடிந்தபோது இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று, 'இதர' என்ற கட்டுதான் எல்லாவற்றையும் விடத் தடிமனாக இருந்தது. தலைப்புகள் இந்த ஊருக்குத் தைத்த சட்டை இல்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். இரண்டாவது, சீட்டு எழுதிய பெண்களில் பாதிப் பேர் தங்கள் சீட்டு எங்கே போனது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். சீட்டுகள் எல்லாம் பலகையில் இருந்தன. ஆனால் எழுதியவர்கள் சொல்ல வந்த விஷயம் அங்கே இல்லை.

அந்தச் சீட்டுகளை ஒரு பழைய கவரில் போட்டு வைத்திருந்தேன். மறுவருடம் அதே சீட்டுகளை வேறு வழியில் பிரித்துப் பார்த்தோம். ஒரே சீட்டுகளை இரண்டு விதமாகப் பிரித்ததால்தான் இந்த ஒப்பீட்டைத் தைரியமாக எழுத முடிகிறது.

தரையில் பரப்பி, பேசாமல் சேர்த்தால்

இந்த இரண்டாவது வழியை உருவாக்கியவர் ஜிரோ கவகிதா என்ற ஜப்பானிய மானிடவியலாளர். 1950களில் நேபாள மலைக் கிராமங்களில் களப்பணி செய்தவர். கண்டது, கேட்டது என்று மலைபோலக் குவிந்த குறிப்புகளை என்ன செய்வது என்று அவர் திணறியதிலிருந்து பிறந்த முறை இது. 1967இல் புத்தகமாக எழுதினார். ஜப்பானியர் குடும்பப் பெயரை முதலில் சொல்வதால் அவருடைய முதலெழுத்துகள் கே.ஜே. என்று வரும், முறைக்கும் அதுவே பெயராயிற்று. பின்னாளில் ஜப்பானியத் தொழிற்சாலைகளின் தரக் கருவிகளில் ஒன்றாக இது சேர்ந்துகொண்டது. அங்கிருந்து நம்மூருக்கும் வந்தது. பாடி, ஓசூர்ப் பக்கத் தொழிற்சாலைகளில் தரவட்டங்களில் (வேலைத் தரத்தை மேம்படுத்தத் தொழிலாளர்கள் கூடிப் பேசும் சிறு குழுக்களில்) உட்கார்ந்தவர்கள் 'அஃபினிட்டி டயகிராம்' என்ற பெயரில் இதைக் கேள்விப்பட்டிருப்பார்கள். நேபாளக் கிராம மக்கள் தங்கள் பிரச்சினையைத் தாங்களே ஆராய்ந்து, குடிநீர்க் குழாயும் பள்ளத்தாக்கைக் கடக்கும் கம்பிவடமும் அமைத்துக்கொள்ளத் துணை நின்றதற்காகக் கவகிதாவுக்கு 1984இல் மகசேசே விருது கிடைத்தது. அதனால் இந்த முறையை அலுவலகக் கண்ணாடி அறையில் பிறந்த ஒன்றாக நான் பார்ப்பதில்லை. தண்ணீருக்கு நடந்த ஊர்களோடு உறவுள்ள முறை இது.

அவர் அழுத்திச் சொன்ன விதி ஒன்றுதான்: பெரிய பெட்டிகளை முதலில் வைத்துக்கொண்டு சீட்டுகளை அவற்றுக்குள் போடாதே. எல்லாச் சீட்டையும் பரப்பு, திரும்பத் திரும்ப வாசி, ஒன்றுக்கொன்று நெருக்கமாகத் தெரியும் இரண்டு மூன்று சீட்டை மட்டும் பக்கத்தில் வை. அந்தச் சின்னக் கட்டு என்ன சொல்கிறது என்று ஒரு வரி எழுதி மேலே வை. இனி அந்தக் கட்டு ஒரே சீட்டு. மறுபடியும் பக்கத்தில் எது வருகிறது என்று பார். இப்படிக் கீழேயிருந்து மேலே போனால் தலைப்பு கடைசியில்தான் வரும். குழுவாகச் செய்யும்போது முதல் சுற்றைப் பேசாமல் செய்வது நல்லது.

நாங்கள் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தைச் சீட்டாக வைத்துக்கொண்டோம். எல்லாம் ஒரே அளவு, காசும் இல்லை. ஒட்டுகிற வண்ணத் தாள் சுண்ணாம்புச் சுவரில் நிற்காது, பத்து நிமிடத்தில் உதிர்ந்துவிடும். அதனால் வகுப்பறையில் இரண்டு கோரைப் பாயை விரித்து, மின்விசிறியை நிறுத்தி, ஒவ்வொரு சீட்டின் மேலும் ஒரு புளியங்கொட்டை வைத்தோம். எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம்.

பேசக் கூடாது என்ற விதிக்கு எதற்கு அவ்வளவு முக்கியத்துவம் என்று முதலில் எனக்கே சந்தேகம்தான். செய்து பார்த்தபோது புரிந்தது. பேசித் தீர்மானிக்கும் கூட்டத்தில் தலைமை ஆசிரியை பேசுவார், வார்டு உறுப்பினர் பேசுவார், என்னைப் போன்ற வாயுள்ள இரண்டு பேர் பேசுவோம். மாமனார் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் மருமகள் வாய் திறக்க மாட்டாள். ஆனால் பாயில் கிடக்கும் சீட்டை நகர்த்த யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. பத்து நிமிடத்தில், அதுவரை ஒரு வார்த்தை பேசாத நாலைந்து பெண்களின் கைதான் அதிகம் வேலை செய்துகொண்டிருந்தது.

அவர்கள் ஒரு மூலையில் சேர்த்த சீட்டுகளை இன்னும் மறக்கவில்லை. "சாயங்கால பஸ்ஸ விட்டா அடுத்தது ஆறரைக்குத்தான்." "கழிப்பறைக் கதவுல தாழ்ப்பா இல்ல." "பின்பக்கம் காம்பவுண்டு சுவர் இடிஞ்சு கிடக்கு." "ஏழாவது எட்டாவது பொம்பளப் புள்ளைங்க மாசத்துல மூணு நாள் வர்றதில்ல." "நாப்கின் எரிக்கிற மிஷின் ஓடல." முதல் வருடத் தலைப்புகளில் பஸ் 'இதர'வுக்குப் போயிருந்தது. தாழ்ப்பாளும் மிஷினும் கழிப்பறைக்கு, சுவர் கட்டடத்துக்கு, மூன்று நாள் விடுப்பு படிப்புக்கு. நாலு இடத்தில் சிதறி, ஒவ்வொரு இடத்திலும் வரிசையின் கடைசியில் நின்றன. கட்டடம் என்ற தலைப்பில் ஒழுகும் கூரைக்கு முன்னால் இடிந்த சுவர் எப்படி நிற்கும்? பாயில் அவை ஒன்றாக வந்தபோது, மொத்தம் பதினோரு சீட்டு. அன்றைக்கு அதுதான் மிகப் பெரிய கட்டு.

பெயர் வைக்கும் நேரம் வந்தபோது பேச்சைத் திறந்துவிட்டோம். 'பெண்கள் பாதுகாப்பு' என்று எழுதலாம் என்றேன். அந்தக் கட்டைச் சேர்த்த அக்கா ஒருவர் தலையை ஆட்டினார். "அப்படிப் போட்டா போலீஸ் விஷயம் மாதிரி இருக்குங்க. பெரிய புள்ளைங்க பயமில்லாம வந்து போகணும்னு எழுதுங்க" என்றார். அதையே எழுதினோம். கவகிதா முறையில் நான் மிகவும் மதிப்பது இந்த ஒரு வரிப் பெயரைத்தான். ஒற்றைச் சொல் தலைப்பு ஒரு பெட்டி, யார் எதை வேண்டுமானாலும் அதற்குள் போடலாம். முழு வாக்கியம் ஒரு கோரிக்கை, அதற்குள் பொருந்தாத சீட்டு தானாகவே வெளியே நிற்கும்.

குறைகளும் உண்டு. எண்பது சீட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அது அரை நாள் கூலியில் கை வைக்கிற விஷயம், அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாசிக்கத் தெரியாத ஒரு பாட்டி முதல் முறை ஓரமாக ஒதுங்கிவிட்டார். பேசாதே என்ற விதி அவருடைய ஒரே வழியையும் அடைத்துவிட்டது. அது எங்கள் தப்பு. அடுத்த முறையிலிருந்து எல்லாச் சீட்டையும் முதலில் இரண்டு தடவை உரக்க வாசித்தோம். வாசிக்காதவர் பக்கத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று உட்கார்ந்து காதோடு சொல்லும், அவர் விரலால் காட்டுவார். இன்னொன்று, ஆட்கள் எட்டுப் பத்துக்கு மேல் போனால் பாயைச் சுற்றி இடமும் இருக்காது, பொறுமையும் இருக்காது. அப்போது இரண்டு பாய் விரித்து, சீட்டுகளுக்கு இரண்டு பிரதி எடுத்து, இரண்டு அணி தனித்தனியாகச் செய்ய வேண்டும். இரண்டு அணியும் ஒரே மாதிரி சேர்த்த கட்டு உறுதியானது. வேறு மாதிரி சேர்த்த இடத்தில்தான் பேச வேண்டிய விஷயம் இருக்கிறது.

ஒரே சீட்டு இரண்டு கட்டுக்குச் சொந்தம் கொண்டாடினால்

பாயில் ஒரு சீட்டு இங்கும் அங்குமாக நாலு முறை நகரும். ஒருவர் வைப்பார், இன்னொருவர் எடுப்பார். "சத்துணவு சாப்பிட உட்கார இடமில்லை" என்பது உணவா, இடமா? பிரதி எடுத்து இரண்டு பக்கமும் வைத்துவிடலாம், நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். ஆனால் இந்தச் சிக்கலை நமக்கு முன்னால், இதைவிடப் பெரிய அளவில் சந்தித்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானவர். ஒரு நூலை ஏதோ ஒரு பெட்டிக்குள் திணிக்க வேண்டிய அவசியமில்லை, அதன் பல முகங்களைத் தனித்தனியே குறித்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது 1933இல் வெளியான, நூல்களை வகை பிரிக்கும் அவருடைய கோலன் பகுப்பு முறையின் அடிப்படை. ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று ஐந்து முகங்கள்.

இது நமக்குப் புதிது என்றும் சொல்ல முடியாது. அகநானூற்றின் நானூறு பாட்டும் இரண்டு விதமாக ஒரே நேரத்தில் தொகுக்கப்பட்டவை. முதல் 120 களிற்றியானை நிரை, அடுத்த 180 மணிமிடை பவளம், கடைசி 100 நித்திலக் கோவை. அதே சமயம் பாட்டின் எண்ணைப் பார்த்தே திணை சொல்லிவிடலாம்: ஒற்றை எண் எல்லாம் பாலை, இரண்டிலும் எட்டிலும் முடிவது குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல். ஒரு தொகுப்பு இன்னொன்றைக் கலைக்கவில்லை.

எங்கள் பாயில் இது இப்படி உதவியது. கட்டுகளைப் பெற்றோர் சேர்த்தபடியே விட்டுவிட்டு, ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் வண்ணப் பேனாவால் ஒரு குறி: பள்ளியே செய்துகொள்ளலாம் என்றால் பச்சை, ஊராட்சியிடம் கேட்க வேண்டும் என்றால் நீலம், கல்வித் துறை என்றால் சிவப்பு, பஸ் போல வேறு துறை என்றால் கறுப்பு. தாழ்ப்பாள் பச்சை. அந்த வாரமே போட்டாயிற்று. படிவம் நிரப்பும்போது சிவப்பை மட்டும் பொறுக்கி அதன் தலைப்புகளில் எழுதினோம். மேலிடம் கேட்கிற தலைப்புகளும் ஊர் சொல்கிற கட்டுகளும் மோதிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஒன்று கட்டு, மற்றது மூலையில் ஒரு குறி.

இந்தக் குறியை முதலிலேயே போடச் சொன்னால் மட்டும் காரியம் கெடும். "இது யார் செய்வாங்க, நடக்கவா போகுது" என்ற பேச்சு எழுந்துவிடும், பாதிச் சீட்டு பாய்க்கே வராது.

மற்ற வழிகள்

ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிரித்துக்கொண்டு வருவது பல குழுக்களில் வழக்கம். சுத்தமாக இருக்கும், தட்டச்சு செய்து வரும். ஆனால் அது அந்த ஒருவருடைய திட்டம். கூட்டத்தில் வாசிக்கும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள், பிறகு யாரும் அதற்காக ஓட மாட்டார்கள். நேரமே இல்லை என்றால், இரண்டு பேர் தனித்தனியாகப் பிரித்துவந்து கூட்டத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவது கொஞ்சம் மேல்.

பலன் அதிகம்–செலவு குறைவு என்று நாலு கட்டம் போட்டு அதற்குள் சீட்டை வைப்பதையும் சிலர் வகை பிரித்தல் என்கிறார்கள். அது வரிசைப்படுத்துதல். கட்டு ஆன பிறகு செய்தால் நல்ல கருவி, முன்னால் செய்தால் விலை மலிவான சின்ன வேலைகள் மட்டும் மிஞ்சும். நாங்கள் வரிசைக்கு அதைக்கூட வைத்துக்கொள்வதில்லை. ஆளுக்கு மூன்று ஸ்டிக்கர் பொட்டு, பிடித்த கட்டின் மேல் ஒட்டலாம். மூன்றையும் ஒன்றிலேயே ஒட்டினாலும் சரி.

செயற்கை நுண்ணறிவுச் செயலியில் எண்பது வரியைத் தட்டினால் அரை நிமிடத்தில் பிரித்துத் தந்துவிடுகிறது. முயன்று பார்த்தேன். ஒரே விஷயத்தைச் சொல்லும் சீட்டுகளைக் கண்டுபிடிக்க நன்றாகவே உதவுகிறது, நூற்றுக்கு மேல் போனால் அந்த உதவி பெரிது. தலைப்பு வைப்பதில் மட்டும் அது எங்கள் முதல் வருடக் கரும்பலகைக்கே திரும்பிவிட்டது: உள்கட்டமைப்பு, சுகாதாரம், போக்குவரத்து. தாழ்ப்பாளும் பஸ்ஸும் ஒரே பயம் என்பது அந்தப் பாதையில் தன் பெண்ணை அனுப்புகிறவருக்குத்தான் தெரியும். அந்தப் பயத்தை யாரும் சீட்டில் எழுதியிருக்கவில்லை.

அப்படியானால் எதை எடுப்பது

சீட்டு எத்தனை என்று கேட்பதற்கு முன்னால், இந்தக் கட்டுகளுக்காக நாளைக்கு அலையப் போகிறவர் யார் என்று கேளுங்கள். வேலை முழுவதையும் ஓர் அலுவலர்தான் செய்யப் போகிறார், மற்றவர்கள் தகவல் மட்டும் தருகிறார்கள் என்றால், அவருக்குத் தோதான தலைப்புகளை முதலிலேயே எழுதிப் பிரித்துவிடலாம். மற்றவர்களின் ஒன்றரை மணி நேரத்தை வீணாக்க வேண்டாம். அறையில் இருக்கிறவர்களே அலைய வேண்டும் என்றால் பாயை விரியுங்கள். ஆட்களுக்கு நடுவே உயரம் தாழ்வு அதிகம் என்றாலும் பாய்தான், முதல் சுற்றில் பேச்சும் வேண்டாம். எல்லோரும் சமவயது, பழகியவர்கள், பேசுவதற்குத் தயங்காதவர்கள் என்றால் பேசிக்கொண்டே சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. படிவம் ஒன்று காத்திருக்கிறது என்றால் பாய்க்குப் பிறகு வண்ணக் குறி.

நேரம் முக்கால் மணிதான் இருக்கிறது என்றால் சீட்டைக் குறையுங்கள், முறையை மாற்றாதீர்கள். ஆளுக்கு நாலுக்குப் பதில் இரண்டு. எங்கள் மூன்றாவது வருடம் அப்படித்தான் நடந்தது, நாற்பது சீட்டு, ஐம்பது நிமிடம்.

கடைசியாக, எந்தக் கட்டிலும் சேராமல் நிற்கும் சீட்டு. 'இதர' என்று ஒரு கட்டுக்குள் அதைத் தள்ளிவிடத்தான் கை போகும். கவகிதா அத்தகைய சீட்டுக்குத் தனி ஓநாய் என்று பெயர் வைத்து, அதை எதனோடும் வலிந்து சேர்க்காமல் ஒரு கட்டுக்குச் சமமாகத் தனியே நிறுத்தச் சொன்னார். எங்கள் பாயிலும் அப்படி ஒன்று நின்றது. பிள்ளைகளும் எழுதலாம் என்று சொல்லியிருந்தோம். ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து: "வேப்பமரத்தை வெட்டாதீங்க." மரத்தை வெட்டப் போவதாக யாரும் சொல்லவில்லை. எதனோடு சேர்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. தனியாகவே விட்டு, திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் அந்தக் காலண்டர் தாளை அப்படியே ஒட்டினோம். அடுத்த கோடையில் கூடுதல் வகுப்பறைக்கு இடம் அளக்க வந்தவர்கள் சுண்ணாம்புக் கோடு போட்டபோது, ஒரு மூலை சரியாக மரத்தடியில் வந்து நின்றது. தலைமை ஆசிரியை அலமாரியைத் திறந்து அந்தப் பக்கத்தை எடுத்து வந்து காட்டினார். கோட்டை ஆறடி தள்ளிப் போட்டார்கள்.